இரும்புப் பூதமும் பல்லிய இசையும்

அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை களனி கங்கையைத் துணையாகக் கொண்டு மலைமேல் ஏறுகின்றது. இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த யட்டியாந்தோட்டைப் பட்டினத்தைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் கித்துல்கலை என்னும் சிற்றூர் வரும். 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அவ்விடத்தில் ஆற்றின் குறுக்கே நின்ற பெரியதொரு மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாலத்தின்மேல் வந்த புகைவண்டியும் அதனோடு ஆற்றில் வீழ்ந்தது.

நாட்டில் அப்போது போர் ஏதும் நிகழவில்லை. டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்காகக் கட்டுவித்த பாலம் அது. முதல் நாள் முயற்சி தவறியது. படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய நேரத்தில் ஒதுங்க இயலாமற் போகவே வெடி நிறுத்தப்பட்டது. புகைவண்டி பாலத்தைக் கடந்து அக்கரையில் இருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. மறுநாட் காலை அதனைச் செப்பனிட்டு, பிரதமர் பண்டாரநாயக்காவும் பிறரும் பார்த்திருக்க, பாலத்தைத் தகர்த்துப் படம்பிடித்தனர்.

அந்த வெடியோசையை இன்று நினைவுகூர்வார் சிலரே. அப்படத்தில் சிறைப்பட்ட சிப்பாய்கள் சீழ்க்கையடித்துக்கொண்டு நடந்துவரும் மெட்டையோ உலகில் அறியாதார் மிகச் சிலர். 1914இல் கெனத் அல்போர்ட் என்ற புனைபெயரில் ஓர் இராணுவ இசையாளர் இயற்றிய 'கேணல் போகி' என்னும் நடைமெட்டு அது. படத்துக்குப் பின்னணி இசை அமைத்த மல்கம் ஆர்னல்ட் அம்மெட்டைச் சீழ்க்கையாகவே விட்டு, அதனோடு இணைந்து ஒலிக்குமாறு தாமே மற்றொரு நடைமெட்டைப் பல்லியக் குழுவுக்கு எழுதினார். படம் முழுமைக்கும் இசை எழுத அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழப் பத்து நாள். அவ்விசைக்கு 1958இல் ஒஸ்கார் விருது கிடைத்தது.

அந்த இசை செய்த வேலையைச் சற்று ஆராய வேண்டும். கிழிந்த உடையும் தேய்ந்த காலணியுமாக வரும் மனிதரைக் கண் காண்கின்றது. தோல்வியுற்றும் தலைகுனியாதவர் என்று காது சொல்கின்றது. பார்ப்போர் அவர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்குகின்றனர். மெய்யான அந்த இரயில் பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தபோது, மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் நோயாலும் பசியாலும் மாண்டனர். அவர்கள் கதை அப்படத்தில் இடம் பெறவில்லை; அவர்களுக்கென்று ஒரு மெட்டும் எழுதப்படவில்லை. திரைப்படத்தில் எவருக்கு இசை வாய்க்கின்றதோ அவருக்கே கண்ணீரும் வாய்க்கின்றது. ஆகவே பின்னணி இசையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குதல் பொருந்தாது.

கித்துல்கலையில் எடுக்கப்பெற்ற அப்படம் 1957 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டனில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 4இல், சோவியத் நாடு 'ஸ்புட்னிக்' என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. உலகமே அண்ணாந்து பார்த்த அந்த அக்டோபர் மாதத்தில் நிகழ்வதாகவே, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஒரு சித்திரப் படம் எடுக்கப்பட்டது. 'த அயர்ன் ஜயன்ட்', அதாவது 'இரும்புப் பூதம்' என்பது அதன் பெயர். விண்ணிலிருந்து வீழ்ந்த இயந்திரத்தைப் பற்றிய விஞ்ஞானக் கற்பனைக் கதை அது. ஆர்னல்ட் மெலிந்த மனிதருக்கு இசையால் மிடுக்குத் தந்தார். இப்படத்துக்கு இசை அமைத்தவர் முன்னே இருந்த பணியோ அதனினும் அரியது. மனிதனே அல்லாத இரும்புக்கும், படம்பிடிக்கப்படாமல் வரையப்பட்ட உருவத்துக்கும் அவர் உயிர் தரவேண்டியிருந்தது. அவர் அதனைச் செய்த முறையை உணர, பின்னணி இசை கடந்து வந்த பாதையை முதலில் அறிதல் வேண்டும்.

இசை சொல்லின்றியே செய்தி சொல்லும் என்பதை மலையகத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் தப்பு முழங்கினால் பெரட்டுக் களத்துக்கு வருக என்பது பொருள். திருவிழாவுக்கு ஓர் அடி. காமன் கூத்துக்கு ஓர் அடி. சாவு வீட்டுக்கு வேறோர் அடி. தொலைவில் உள்ள லயத்தில் இருப்பவரும் ஓசையைக் கேட்ட அளவிலே நிகழ்ந்தது இன்னதென்று அறிவர். மேனாட்டு இசைநாடகத்தார் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு சிறு மெட்டை உரிமையாக்கி, அது வரும்போதெல்லாம் அப்பாத்திரம் நினைவில் எழுமாறு செய்தனர். திரைப்படப் பின்னணி இசை அவ்வழியையே மேற்கொண்டது. இரண்டற்கும் அடிப்படை ஒன்றே.

படங்களுள்ளும் சித்திரப் படத்துக்கு இசை இன்றியமையாதது. நடிகர் நடிக்கும் படத்தில் காலடியோசை உண்டு, மூச்சு உண்டு, காற்றும் மழையும் உண்டு. வரைந்த படத்தில் இயல்பான ஓசை ஒன்றேனும் இல்லை. கேட்கும் ஒவ்வொன்றும் மனிதர் ஆக்கிச் சேர்த்ததாகும்.

1928இல் வால்ட் டிஸ்னி தம் எலிச் சித்திரத்துக்கு ஒலி சேர்க்க முயன்றபோது, முதல் ஒலிப்பதிவில் வாத்தியக்காரர் படத்தின் வேகத்தோடு இணைய இயலாது தவறினர். இரண்டாம் முறை, துள்ளும் பந்து ஒன்றைப் படச்சுருளிலேயே பதித்து, அதன் துள்ளலுக்கு ஏற்ப வாசிக்கச் செய்த பின்னரே காரியம் கைகூடியது. அவரோடு பணிபுரிந்த கார்ல் ஸ்டாலிங் என்பார் இதனை மேலும் செம்மைப்படுத்தி, வாத்தியக்காரர் காதில் தாளச்சொடுக்கு ஒன்று இடைவிடாது கேட்குமாறு செய்தார். படச்சுருள் நொடிக்கு இருபத்து நான்கு சட்டங்களாக ஓடுவது. பன்னிரண்டு சட்டங்களுக்கு ஒரு சொடுக்கு என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு வரும். எலி கால் வைக்கும் இடத்தில் முரசு ஒலிக்கும். பூனை வழுக்கும் இடத்தில் பிடில் வழுக்கும். 1936 முதல் 1958 வரை வார்னர் நிறுவனத்தில் ஸ்டாலிங் இம்முறையில் அமைத்த இசை, சித்திரப் படத்தின் இலக்கணமாகவே ஆயிற்று.

இம்முறை நகைச்சுவைக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. மனிதன் மூச்சு கடிகாரம் போல் இயங்குவதன்று. துயரத்தில் நீளும், அச்சத்தில் குறுகும். நல்ல பாடகர் பல்லவியை மீட்டும் பாடும்போது ஓர் எழுத்தில் சற்றே தங்கிச் செல்வார். அந்தத் தங்கலே கேட்போர் உள்ளத்தைத் தொடும். சொடுக்குக்கு அடங்கிய இசையில் அவ்வாறு தங்குவதற்கு இடமில்லை. 1940இல் டிஸ்னியின் 'பேன்டேசியா' இதற்கு மறுதலையான வழியில் சென்றது. ஸ்டொக்கோவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா பல்லியக் குழுவின் இசையை முன்னே வைத்து, அதற்கேற்பச் சித்திரம் வரைந்தனர். அது அரிய முயற்சி. ஆயினும் நீண்ட கதை சொல்லும் படங்கள் எல்லாம் அவ்வழியே செல்லல் எளிதன்று.

விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் வரலாறு வேறொரு திசையில் ஓடிற்று. வேற்றுலகத்தைக் காட்டும் படத்துக்கு வேற்றுலக ஓசையே வேண்டும் என்று கருதினர். 1951இல் வெளிவந்த 'பூமி அசையாது நின்ற நாள்' என்னும் படத்துக்கு பெர்னாட் ஹெர்மன், கைபடாமல் காற்றில் கையசைத்து ஒலி எழுப்பும் 'தெரமின்' என்ற மின்கருவி இரண்டைப் பயன்படுத்தினார். 1956இல் 'தடைசெய்யப்பட்ட கிரகம்' என்னும் படத்துக்கு லூயிஸ் பரன், பெபி பரன் என்னும் கணவன் மனைவியர் வாத்தியம் எதனையும் தொடாமல் மின்சுற்றுக்களைக் கொண்டே ஒலி முழுவதையும் ஆக்கினர். தாம் அமைத்த சுற்றுக்கள் சூடேறி எரிந்து அழியும்போது எழும் ஓசையையும் அவர்கள் பதிந்துகொண்டனர். அதனை இசை என்று திரையில் குறிப்பிடவும் இயலாமற் போயிற்று. 'மின்னணு ஒலிகள்' என்றே குறித்தனர். எதிர்காலத்தில் வாத்தியக்காரருக்கு வேலையே இராது போலும் என்று எண்ணத்தக்க நிலை அது.

அந்நிலை நீடிக்கவில்லை. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் இசை எழுதி, இலண்டன் சிம்பனி இசைக்குழுவைக்கொண்டு பதிவு செய்தார். அறியாத கிரகங்களையும் அறியாத உருவங்களையும் காணும் மக்களுக்கு, அறிந்த ஒன்றைப் பற்றிக்கொள்ளக் காதேனும் வேண்டும். அதனைப் பழைய பல்லிய இசை தந்தது. அவ்வாண்டிலேயே ஜப்பானில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்னும் சித்திரக் கதைக்கு ஹிரோஷி மியாகவா அமைத்த இசை, பல்லியத் தொகுப்பாக இசைத்தட்டிலும் வெளிவந்தது. 1988இல் வந்த 'அகிரா' என்னும் ஜப்பானியச் சித்திரப் படமோ, பாலித் தீவின் மூங்கில் வாத்தியங்களையும் நோ நாடகக் குரலையும் எதிர்கால நகரத்தின் இசையாக்கியது. எதிர்காலத்தைச் சொல்வதற்கு ஒரு நாட்டின் மிகப் பழைய வாத்தியமும் உதவும் என்பதை இப்படைப்புக்கள் காட்டின.

இனி, இரும்புப் பூதத்தின் கதைக்கு வருவோம். அதன் மூலம் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் 1968இல் சிறுவர்க்கு எழுதிய 'இரும்பு மனிதன்' என்னும் நூல். மனைவியை இழந்த அக்கவிஞர், தாயை இழந்த தம் குழந்தைகளுக்குச் சொன்ன கதை அது என்பர். அதனைப் பீற் டவுன்சென்ட் என்னும் பாடகர் 1989இல் பாடல் தொகுதியாக வெளியிட்டார். அவ்வழியே அது திரைக்கு வந்து சேர்ந்தது. நெறியாளர் பிராட் பேர்ட் அதில் தம் துயரத்தையும் சேர்த்தார். அவருடைய சகோதரி கணவனால் துப்பாக்கியால் சுடப்பட்டு மாண்டவர். ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, தான் துப்பாக்கியாக இருக்க அது விரும்பாவிட்டால் என்ன ஆகும் என்ற வினாவை நெஞ்சில் வைத்தே அவர் படத்தை அமைத்தார்.

கதை எளியது. கடலில் வீழ்ந்து கரையேறும் இரும்புப் பூதம் ஒன்று இரும்பைத் தின்று திரிகின்றது. தந்தையற்ற ஹோகாத் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் அதனை மின்கம்பிகளிலிருந்து காப்பாற்றித் தோழனாக்கிக் கொள்கின்றான். காட்டில் வேட்டைக்காரர் மானைச் சுட்டு வீழ்த்தியதைக் கண்டு பூதம் திகைக்கின்றது. சாவு இன்னதென்று அது அப்பொழுதே அறிகின்றது. தானோ போருக்கென்றே சமைக்கப்பட்ட கருவி. துப்பாக்கியைக் கண்டால் அதன் உடல் தன்னை அறியாமலே படைக்கலமாக மாறும். அச்சத்தால் மனிதர் ஏவிய அணுகுண்டு இறுதியில் அவ்வூர்மீதே விழ வரும்போது, பூதம் தானே மேலெழுந்து சென்று அதனை எதிர்கொள்கின்றது. எதற்கென்று செய்யப்பட்டோமோ அதுவாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை. எதுவாக இருப்பது என்பதை ஒவ்வோர் உயிரும் தேர்ந்துகொள்ளலாம் என்பதே படத்தின் கருத்து.

இப்படத்தில் மனிதரையும் ஊரையும் ஓவியர் கையால் வரைந்தனர்; பூதத்தை மட்டும் கணினி வரைந்தது. கணினி இட்ட கோடு நூல்பிடித்தாற்போல் நேராக நின்றமையால், கையால் வரைந்த உருவங்களோடு அது ஒட்டவில்லை. ஆகவே கோடு சற்றே நடுங்குமாறு செய்ய ஒரு கணினி நிரலை எழுதினர். கையின் நடுக்கத்தை இயந்திரத்துக்குக் கடன் கொடுத்த பின்னரே பூதம் அவ்வூரில் வாழத் தொடங்கியது.

இசையிலும் இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. நெறியாளர் தம் விருப்பத்தைக் காட்டுவதற்காக, முன் குறித்த ஹெர்மனின் பழைய விஞ்ஞானப் பட இசைத் துண்டுகளைத் தற்காலிகமாகப் படத்தோடு சேர்த்து, இசையமைப்பாளர் மைக்கேல் கேமனிடம் போட்டுக் காட்டினார். அதனைக் கேட்டுக் கேமன் முதலில் அஞ்சினார் என்பது பதிவாகியுள்ள செய்தி. இவர் 1948இல் நியூயோர்க்கில் பிறந்தவர். ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் ஓபோ என்னும் துளைக்கருவி பயின்றவர். 'டை ஹார்ட்' முதலிய சண்டைப் படங்களுக்கு இசையமைத்துப் புகழ் பெற்றவர். துப்பாக்கி முழங்கும் படங்களுக்கு வாசித்த கை, துப்பாக்கியாக இருக்க மறுக்கும் ஓர் இயந்திரத்துக்கு எழுத அமர்ந்தது.

பழங்காலத்து ஒலிச்சுவை மாறாத பல்லியக் குழு ஒன்று வேண்டும் என்று கேமன் கிழக்கு ஐரோப்பாவில் தேடினார். பிராக் நகரில் அஷ்கெனாசி நடத்த, செக் பில்ஹார்மோனிக் குழுவினர் ஸ்ட்ராவுஸின் 'அல்பைன் சிம்பனி'யை வாசிக்கக் கேட்டார். மலையேற்றம் ஒன்றை விடியல் முதல் இரவு வரை இசையால் சொல்லும் பெரும் படைப்பு அது. அந்தக் குழுவே தமக்கு வேண்டியது என்று தெளிந்தார். 1896 ஜனவரி 4ஆம் நாள் இசைமேதை துவொர்ஷாக் முன்னின்று நடத்த, முதல் கச்சேரி செய்த குழு அது. நூறாண்டு கடந்த அக்குழுவின் முன் கேமன் தாமே நின்று நடத்தினார். ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் பதிவு முடிந்தது.

இங்கே கருதத்தக்கது பதிவின் வேகமன்று, பதிந்த முறை. காதில் சொடுக்கை வைத்துப் படத்தின் ஒவ்வொரு சட்டத்துக்கும் இசையைக் கட்டிப்போடும் வழக்கத்தைக் கேமன் பின்பற்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கச்சேரி இசையைப் போலத் தனித்து நிற்கும் படைப்பாக எழுதி, வாசிப்போர் தம் இயல்பான மூச்சோடு வாசிக்க விட்டார். வில் நரம்பின்மேல் எவ்வளவு தங்க வேண்டுமோ அவ்வளவு தங்கியது. குழல் ஊதுவோர் மூச்செடுக்க வேண்டிய இடத்தில் மூச்செடுத்தனர். கோட்டுக்குக் கை நடுக்கம் தந்தது போலவே, இசைக்கு மனித மூச்சைத் திருப்பித் தந்தார். எலியின் காலடிக்கு அடிமையாகத் தொடங்கிய சித்திரப்பட இசை, எழுபது ஆண்டு கடந்து, ஓர் இயந்திரத்தின் கதையில் விடுதலை பெற்றது என்று கூறினால் மிகையாகாது.

படம் 1999 ஆகஸ்டில் வெளிவந்தது. திரையரங்குகளில் கூட்டம் சேரவில்லை; செலவிட்ட பணமும் மீளவில்லை. ஆயினும் சித்திரப்படக் கலைக்கென்று வழங்கப்பெறும் 'அனி' விருதுகள் பலவற்றை அது பெற்றது. இசைக்குரிய விருதும் அவற்றுள் ஒன்று. பின்னர் தொலைக்காட்சியிலும் வீட்டுத் திரைகளிலும் கண்டவர் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அதன் புகழ் வளர்ந்தது. 2015இல் அது மீண்டும் திரையரங்குக்கு வந்தது.

கேமன் 2003 நவம்பரில் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் இசைத்தட்டுக்களினும் பயனுடைய ஒன்று உண்டு. பள்ளி இசையாசிரியர் ஒருவரைப் பற்றிய 'மிஸ்டர் ஹொலண்ட்ஸ் ஓபஸ்' என்னும் படத்துக்கு 1995இல் இசையமைத்த அவர், மறு ஆண்டில் அப்பெயராலேயே ஓர் அறநிலையத்தை நிறுவினார். வாத்தியம் வாங்க வசதியற்ற பாடசாலைகளுக்கு வாத்தியங்களைக் கொடுப்பது அதன் பணி. பிராக் நகரத்தில் பெருங்குழு ஒன்றின் முன் நின்றவருக்கு, அத்தகைய குழு எங்கிருந்து பிறக்கின்றது என்பது தெரிந்திருந்தது. ஏதோ ஒரு வகுப்பறையில், ஏதோ ஒரு பிள்ளையின் கையில், முதன்முதலாக ஒரு வாத்தியம் கொடுக்கப்படும் நாளிலேயே அது பிறக்கின்றது.

இனித் தமிழ் நாட்டின் நிலையைக் காண்போம். பல வாத்தியங்கள் ஒருங்கிணைந்து ஒலிப்பதனைக் குறிக்கும் 'பல்லியம்' என்னும் சொல் பண்டே தமிழில் உண்டு. வேற்றுக் கிரகத்தாரைக் காட்டும் படம் 1963இலேயே தமிழில் வந்துவிட்டது; 'கலை அரசி' என்னும் அப்படத்துக்கு இசை கே. வி. மகாதேவன். 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராஜா, மேனாட்டு முறையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே சுரக்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பின்னணி இசையில் வேரூன்றச் செய்தார். 2007இல் வெளிவந்த 'இனிமே நாங்கதான்' என்னும் முப்பரிமாணத் தமிழ்ச் சித்திரப் படத்துக்கும் அவரே இசையமைத்தார். 2025 மார்ச் 8ஆம் நாள், தம் சிம்பனியை இலண்டன் மாநகரில் ரோயல் பில்ஹார்மோனிக் குழுவினர் வாசிக்க அரங்கேற்றினார்.

இயந்திர மனிதனைத் தலைவனாக்கிய 'எந்திரன்' 2010இல் ஏ. ஆர். ரகுமான் இசையோடு வந்தது. 2014 மே மாதம் வெளிவந்த 'கோச்சடையான்', நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிந்து கணினியில் உருவம் கொடுத்த படம். அதன் கதை மன்னர் காலத்தது. செய்முறையோ முற்றும் விஞ்ஞானத்தின்பாற்பட்டது. ரகுமான் அதற்கும் பல்லிய இசையையே நாடினார். பாட்டில்லாத பகுதியொன்றை இலண்டன் குழுவினர் வாசித்தனர். திரையில் உருவம் எவ்வளவுக்குக் கணினியின் ஆக்கமாகின்றதோ, அவ்வளவுக்கு இசையில் மனிதர் கை வேண்டியிருக்கின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அக்குழுவை இலண்டனில் தேட நேர்ந்தது ஏன் என்று கேட்டால், விடை பாடசாலையிடமே வந்து நிற்கும். ஒரு பல்லியக் குழுவுக்கு எழுபது, எண்பது பேர் வேண்டும். ஒவ்வொருவரும் இளமையிலேயே பயின்றிருக்க வேண்டும். இதனை உணர்ந்தே ரகுமான் 2008இல் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியை நிறுவினார். அதனோடு தொடர்புடைய 'சன்ஷைன்' குழு, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பல்லியக் கருவிகளைப் பயிற்றுகின்றது. கேமன் அமெரிக்காவில் செய்ததும் ரகுமான் சென்னையில் செய்ததும் நோக்கத்தால் ஒன்றே.

இலங்கையிலும் சிம்பனி இசைக்குழு ஒன்று 1958இல், கித்துல்கலைப் பாலம் தகர்ந்த மறு ஆண்டிலேயே, கொழும்பில் தோன்றியது. ஆயினும் கொழும்பு அரங்கும் யட்டியாந்தோட்டை லயமும் சாலைக் கணக்கில் காட்டும் தொலைவினும் மிக்க தொலைவில் உள்ளன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியைக் குறைத்தது வானொலிப் பெட்டியே. திரையில் காணாத படத்தின் இசையை அவர்கள் காதால் கேட்டுத் தாமே படத்தை அகத்தில் வரைந்துகொண்டனர். பின்னணி இசைக்கு அதனினும் கடிய சோதனை வேறில்லை. படம் நீங்கியும் நிற்பதே நல்லிசை.

இந்நாளில் கணினி ஒன்றிலேயே நூறு வாத்தியங்களின் ஓசையையும் எழுப்பலாம். வசதியற்ற ஊர்ப் பிள்ளைக்கு அது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை; பொத்தானை அழுத்தினால் பிராக் நகரத்துப் பிடில் ஒலிக்கும். ஆயினும் அந்த ஓசையும் என்றோ ஒருவர் தம் கையால் வாசித்துப் பதிந்ததே. வாசிக்கும் கைகள் குறைந்துகொண்டே போனால், கணினி கடன் வாங்குவதற்கும் ஒருநாள் எவரும் இரார். கருவியை வெறுக்க வேண்டியதில்லை. அதற்குக் கடன் கொடுக்க வல்ல கைகளை வளர்க்க வேண்டும்.

அவ்வாறு வளர்க்கத் தொடங்குவதற்குப் பிராக் வரை செல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் தப்பு அடிப்பவர் தொடங்குமுன் சருகைக் கூட்டித் தீ மூட்டுவார். தளர்ந்திருக்கும் தோலை அந்தத் தீயில் காட்டுவார், விரலால் தட்டிப் பார்ப்பார், மீண்டும் காட்டுவார். சுருதி ஏறிவிட்டது என்பதை அவருக்கு எந்தக் கருவியும் சொல்வதில்லை, காது சொல்கின்றது. நெடுங்காலம் அவர் கலையை இழிவென்று ஒதுக்கி, பிள்ளைகளை அதனருகில் செல்லவிடாது தடுத்தவர் பலர். அது பெரும் பிழை. சாவு இன்னது, திருவிழா இன்னது என்று சொல்லின்றி அறிவிக்க வல்ல அந்தக் கை, கேமனும் ஆர்னல்டும் செய்த தொழிலையே செய்கின்றது. அதன் அருகில் அமர்ந்து கேட்கும் பிள்ளைக்குப் பாடசாலையும் ஒரு வாத்தியத்தைக் கொடுக்குமாயின், வரையப்பட்ட உருவத்துக்கும் வார்த்தெடுத்த இரும்புக்கும் உயிர் தரும் மூச்சு, யட்டியாந்தோட்டை மலைகளிலிருந்தும் ஒருநாள் எழும்.